சட்டைப்பையில் ஒரு வேவுகாரன்!

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளுக்குத் தொப்பூர் கணவாய் ஒரு சோதனை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் ஓடவிட்டு விபத்துக்குள்ளான வண்டிகளின் கதை இவ்வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். அந்த டிரைவர்களுக்கு இப்போது வேறோர் அபாயமும் உண்டு. அது சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி!

"உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கூடவே 'ஏபிகே' என முடியும் ஒரு கோப்பு. அரசின் 'எம்பரிவாகன்' செயலியைப் போல அதற்கு வேஷம். 2024-இல் பலரை ஏமாற்றிய தந்திரம் இது. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் போச்சு! வங்கி அனுப்பும் ரகசிய எண் திருடனுக்குப் போய்விடும்.

திரையில் திடீரெனக் குதிக்கும் விளம்பரங்களும் லேசானவை அல்ல. அவற்றை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் ஈத்தன் ஜுக்கர்மன், 2014-இல் அதற்காக மன்னிப்பே கேட்டார். "வைரஸ் புகுந்துவிட்டது, உடனே தொடுங்கள்" என்று அவை மிரட்டும். அவற்றிலுள்ள 'மூடு' பொத்தானே பொறியாக இருக்கலாம். அந்தப் பக்கத்தையே மூடிவிடுவதுதான் உத்தமம். அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்குங்கள். அங்கும் உஷார் தேவை. டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? அபராதம் உண்மைதானா என்பதை அரசின் இ-சலான் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். வேவுகாரன் பெரும்பாலும் பூட்டை உடைத்து வருவதில்லை; நாம் கதவைத் திறந்த பிறகே நுழைகிறான்.