சிவாலிக் குன்றுகளின் வாலில்லாக் குரங்கு

புளியறை மலையில் மந்திகளைக் காணும் மாணவர்கள், பழங்காலக் குரங்கெலும்பு இப்பாறைகளில் கிடைக்குமா என்று என்னை வினவுவதுண்டு. கிடைக்காது. இவை பூமியின் ஆழத்தில் வெப்பத்தால் உருமாறிய பாறைகள். எலும்பைக் காப்பது ஆற்று வண்டலே.

அத்தகைய வண்டல் இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் உண்டு. அங்கே, சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாலில்லாக் குரங்கொன்றுக்குப் பில்கிரிம் என்பார் 1910-இல் சிவபிதேக்கஸ் எனப் பெயரிட்டார். 1932-இல் லூயிஸ் கண்டெடுத்த மேல்தாடைத் துண்டோ ராமபிதேக்கஸ் எனப்பட்டது. 1960-களில் அறிஞர் பலர் அதனை மனிதனின் முன்னோனாகவே போற்றினர். ஒரு தாடைத் துண்டைக்கொண்டு வமிசாவளி எழுதுவது துணிச்சல்தான்!

இன்றைய பாகிஸ்தானிலுள்ள பொட்வார் பீடபூமியில் கிடைத்த சிவபிதேக்கஸின் முகவெலும்பைப் பில்பீம் 1982-இல் விவரித்தார். குழிந்த முகம், நெருங்கிய நீள்வட்டக் கண்குழிகள்: ஒராங்குட்டானின் சாயலே! ராமபிதேக்கஸும் தன் தனிப்பெயரை இழந்து சிவபிதேக்கஸில் அடங்கிற்று. ஆயினும், 1990-இல் விவரிக்கப்பெற்ற புயவெலும்புகள் ஒராங்குட்டானை ஒத்திருக்கவில்லை. முகம் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது; வழக்கு இன்னும் முடியவில்லை.