புகைக்கு ஒரு குளியல்!

அழுக்குத் துணியைத் தண்ணீரில் அலசுகிறோம். புகையை அலச முடியுமா? முடியும்! அதற்கென்றே இருக்கும் சாதனத்துக்கு ‘ஸ்கிரப்பர்’ என்று பெயர்.

வெள்ளகோவில், திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இது அன்னியமான விஷயமல்ல. நூலுக்குச் சாயம் ஏற்ற நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. விறகுப் புகையோடு பறக்கும் கரியும் சாம்பலும் கொடியில் காயும் வேட்டியில் வந்து உட்காருகின்றன.

சாதாரண ஸ்கிரப்பர் ஒரு கோபுரம்தான். கீழிருந்து புகை ஏறும்; மேலிருந்து தண்ணீர் மழையாய்ப் பொழியும். பெரிய துகள்கள் துளியில் மோதிச் சிக்கிக்கொள்ளும். ஒரு மைக்ரான் அளவுள்ள பொடித்துகளோ (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!) துளியைச் சுற்றிக்கொண்டு நழுவிவிடும். நுரையீரலின் ஆழம்வரை போவதும் இந்தப் பொடிதான்.

இதைப் பிடிக்க ‘வெஞ்சூரி’ என்ற வகை உண்டு. இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரியின் பெயர் கொண்டது. குறுகலான தொண்டை வழியே புகை விநாடிக்கு 60 முதல் 120 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் தண்ணீர் சிதறித் தூளாகிறது. பொடித்துகள் தப்ப முடிவதில்லை. ஆனால் விசிறி தின்னும் மின்சாரம் கொஞ்சமல்ல! முதலாளிகள் தயங்குவது இங்கேதான்.

அமில வாயுக்களுக்கு வேறு உபாயம். கோபுரத்துக்குள் சிறு வளையங்களை நிரப்பி, அவற்றின்மேல் காஸ்டிக் சோடாக் கரைசலை வழியவிடுவார்கள். சாம்பல் புகையை இதில் விட்டால் வளையங்கள் அடைத்துக்கொள்ளும்.

சரி, அலசிய தண்ணீர் எங்கே போகிறது? லண்டன் பாட்டர்ஸி மின் நிலையத்தில் 1930-களிலேயே தேம்ஸ் நதி நீரால் புகையைக் கழுவினார்கள். கழுவிய நீர் மறுபடி நதிக்கே போயிற்று. குளிர்ந்த புகையும் உயரே போகாமல் அக்கம்பக்கத்தில் இறங்கியது.

வெள்ளகோவிலுக்கு வடக்கே ஓடும் நொய்யலுக்கு இன்னொரு கழிவு தாங்காது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகிப்போன கதை ஊரறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அதனால்தான்.

ஆகவே ஸ்கிரப்பர் நீரைத் தொட்டியில் தெளியவைத்து, அமிலமிருந்தால் சுண்ணாம்பு சேர்த்து, மறுபடி அதே கோபுரத்துக்கு ஏற்ற வேண்டும். அடியில் தங்கும் கருஞ்சேற்றையும் வாரிப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். மழை நாளில் ஓடையில் தள்ளிவிட்டால், புகைபோக்கியில் பிடித்த கரி கிணற்றுக்கு வந்து சேரும்.