"பன்னிக்குத்தான் வச்சிருக்கேன்" என்றால் தப்ப முடியாது!
நாட்டுத் துப்பாக்கிக்கு 2 ஆண்டு ஜெயில்

குடுமியான்மலை—
குடுமியான்மலைக்காரர்களுக்கு நார்த்தாமலை தூரம் அல்ல. 2021 டிசம்பர் 30-ந் தேதி அங்கே நடந்ததை யாரும் மறக்கவில்லை. பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்தில் இருந்து பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி ஆஸ்பத்திரியில் அவன் உயிர் பிரிந்தது. தளத்தை மூடினார்கள்.

காவலும் கணக்கும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி! ராத்திரி வரப்பில் நின்று பன்றி என்று நினைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு யார் ஜவாப்?

லைசென்சு கொடுப்பவர் கலெக்டர். அது இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் போனால் 5 ஆண்டு ஜெயில். திருட்டுத்தனமாகச் செய்து விற்றால் 7 ஆண்டில் இருந்து ஆயுள் வரை. 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மலைக் கிராமங்களில் போலீசார் வேறு வழியும் பார்த்தார்கள். "நீங்களா கொண்டாந்து கொடுத்தா கேஸ் கிடையாது" என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. பேர் தெரியக் கூசியவர்கள், இரவோடு இரவாக ஊர் எல்லையில் போட்டுவிட்டுப் போனதும் உண்டு.

"அப்ப கடலையைப் பன்னி தின்னட்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு உத்தரவிட்டது. மனுவை அங்கே கொடுக்க வேண்டும்.