வராதவர்களையும் எண்ணுவோம்



"மருந்துக்கென்று நாங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி ஏன் கணக்கெடுப்புக்குச் செலவாகிறது?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தால் வந்தவர்களைப் பற்றித் தெரியும். வராதவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்குக் காசில்லாதவர், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், வீட்டில் அனுமதி கிடைக்காத பெண் ஆகியோரின் பெயர் அதில் இல்லை. நோய் அதிகம் இருப்பது அவர்களிடமாகவே இருக்கலாம். ஆகவேதான் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாகக் கேட்கிறோம்.

எல்லா வீட்டுக்கும் போக இயலாதபோது சில வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் ஊர் ஒரே பதமாக வெந்த பானை அல்ல. மெயின் ரோட்டு வீடுகளில் மட்டும் கேட்டால் ஊர்க்கோடியில் இருக்கும் காலனி விடுபடும். காலை பத்து மணிக்குப் போனால் வெங்காயக் காட்டுக்கும் நூற்பாலைக்கும் போனவர்கள் விடுபடுவார்கள்.

இதைத் தவிர்க்க, முதலில் எல்லா வீடுகளுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எழுதுகிறோம். பின்பு சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். சீட்டு விழுந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை. மாலையில் மறுபடியும் போகிறோம். கேட்கும் விதமும் முக்கியம். "பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று அல்லவா?" என்றால் "ஆமாம்" என்றே பதில் வரும். அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும்.

இந்த ஒழுங்கின் பலனை நம் திண்டுக்கல் மாவட்டமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையமும் பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2000-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஒன்றைத் தொடங்கின. மாவட்டத்தின் 114 பகுதிகள் சீட்டு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்தனர். மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது.

பரிசோதனைக்குரிய பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். வராத சுமார் 18,000 பேரை ஆய்வாளர்கள் கணக்கிலிருந்து நீக்கவில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் பலன் உண்மைக்கு மாறாகத் தெரிந்திருக்கும். எல்லாரையும் சேர்த்து எண்ணியும், பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் மற்றப் பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

ஒரு சாராருக்குப் பரிசோதனை அளிக்காமல் ஒப்பிடுவது சரிதானா என்ற கேள்வியும் பிற்பாடு எழுந்தது. அதையும் நாங்கள் மறக்கவில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு தாய், ஒரு மகள்.

எங்கள் வரவு செலவில் "கணக்கெடுப்பு" என்ற வரியை நீங்கள் காணும்போது, பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை நடந்துபோன பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆடுகளையும் எண்ணிய மேய்ப்பனுக்குத்தானே ஒன்று குறைந்தது தெரிந்தது!