மஞ்சளுக்கு வெளியே எரியும் தீ

மெழுகுவர்த்திச் சுடரில் நம் கண்ணை இழுக்கும் மஞ்சள், எரியாத கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதுதான். எரிதல் மும்முரமாக நடக்கும் இடம் அந்த மஞ்சளுக்கு வெளியே மெல்லிய உறையாக இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஹைட்ராக்சில் அங்கே நிறைந்திருக்கும். அது தரும் ஒளி புற ஊதா என்பதால் நமக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, சுடரின் முன்புறம், நடு, பின்புறம் மூன்றையும் கண் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஆகவே தீயைப் பற்றிக் கண் சொல்லும் சாட்சி செல்லாது. சுடரை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

வெட்டும் கத்தி லேசர். கற்றையை லென்ஸ்களால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள தகடாகப் பரப்பிச் சுடருக்குள் விடுகிறார்கள். அலைநீளம் 283 நானோமீட்டரை ஒட்டி, ஹைட்ராக்சில் விழுங்குகிற இடத்தில் பிசகாமல் நிற்க வேண்டும். விழுங்கிய மூலக்கூறு 310 நானோமீட்டர் அருகே ஒளியைத் திருப்பித் தரும். லேசர் ஒளியை வடிகட்டி தடுத்துவிட, மூலக்கூறின் பதில் மட்டும் கேமராவுக்குப் போகிறது. ஒரு துடிப்பு சுமார் 10 நானோ விநாடி. விநாடிக்கு 100 மீட்டர் ஓடும் வாயுகூட அதற்குள் ஒரு மைக்ரான்தான் நகரும்.

படத்தில் பிரகாசமான இடத்தில் ஹைட்ராக்சில் அதிகம் என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனித்து விட்டால் சுமார் 700 நானோ விநாடி கிளர்ந்து நிற்கக்கூடிய மூலக்கூறை, சாதாரணக் காற்றழுத்தத்தில் எரியும் சுடரில் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஓரிரு நானோ விநாடியிலேயே மோதி அணைத்துவிடுகின்றன. நீராவி இதில் கெட்டிக்காரன், நைட்ரஜன் மந்தம். எனவே அண்டை யார் என்பதைப் பொறுத்தும் ஒளி கூடும், குறையும். திருத்தாத படத்துக்கு அளவுகோல் போட்டு அச்சிடுவது தவறுதான். ஆனால் 'எவ்வளவு' என்ற கேள்வியில் தடுமாறும் படம் 'எங்கே' என்பதற்கு உறுதியாகப் பதில் சொல்லும். குளிர்ந்த பக்கத்தில் அறவே இல்லாத ஹைட்ராக்சில், தீமுகப்பைத் தாண்டியதும் மளமளவென்று ஏறுகிறது. அணைப்பில் வரும் மாறுதல் அந்த ஏற்றத்தை மறைக்கும் அளவு பெரிதல்ல.

'எங்கே' என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை 1997இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டெக் காட்டினார். டீசல் தாரையில் கரி விளிம்பை ஒட்டியே உருவாகிறது என்பது அதுவரை பரவலான எண்ணம். ஜன்னல் பதித்த எஞ்சினில் அவர் பல லேசர் முறைகளால் எடுத்த படங்களில், கரி தாரையின் குறுக்கே உள்ளெல்லாம் நிறைந்திருந்தது. ஹைட்ராக்சில் வெளியே மெல்லிய தோலாக ஒட்டியிருந்தது. ஜன்னல் வைத்த எஞ்சின் லாரி எஞ்சின் ஆகுமா என்று கேட்கலாம். சுவரின் சூடு மாறும், எண்கள் மாறும். எது உள்ளே, எது வெளியே என்ற அடுக்கு அதனால் தலைகீழாகிவிடாது. எனக்கு வலுவாகப் படும் ஐயம் வேறு. கரி அடர்ந்த நடுப்பகுதி லேசரையே விழுங்கக்கூடியது. அங்கே தெரியும் இருட்டு ஹைட்ராக்சில் இல்லாததாலா, வெளிச்சம் எட்டாததாலா? லேசர் நுழைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தோலும் ஒளிர்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும்: ஒளிர்ந்தால், லேசர் நடுவைக் கடந்து போயிருக்கிறது. தகட்டுக்கும் கேமராவுக்கும் இடையே நிற்கும் கரியைத்தான் இந்தச் சோதனை பிடிக்காது.