கையடக்கப் பொறியில் ஒரு விண்வெளிப் போர்

கோலி, பம்பரம், கிட்டிப்புள் ஆகியவை நம் சிறுவர்களின் பொழுதை இனிமையாக்கிய விளையாட்டுகள். அறிவியல் வளர்ச்சியோ இன்று விளையாட்டுத் திடலையே உள்ளங்கைக்குள் சுருக்கித் தந்துவிட்டது. வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்தவாறே விண்மீன்களுக்கு இடையே பறந்து போர் புரியும் சிறுவர் பலராவர். பிள்ளையின் கையிலுள்ள பொறி யாது, அதனுள் நடைபெறுவது யாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர் அறிந்திருத்தல் அதனினும் நலம். ஆதலின், 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ்’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகை ஆட்டங்களின் தன்மையை ஈண்டு விளக்குவோம்.

தன்மையும் படர்க்கையும்

இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடங்களைப் பயில்கின்றோம். மின்விளையாட்டுகளுக்கும் இப்பாகுபாடு பொருந்தும். திரையில் ஓடும் வீரனை நாம் வெளியே நின்று பார்த்தால், ‘அவன் ஓடுகிறான்’ என்போம், அது படர்க்கை. வீரனின் கண்களே நம் கண்களாகி, அவன் காண்பதை மட்டுமே நாம் காண்போமாயின், ‘நான் ஓடுகிறேன்’ என்றே நம் மனம் எண்ணும், அது தன்மை. நாம் எடுத்துக்கொண்ட ஆட்டம் தன்மை நோக்கில் அமைந்த சுடும் ஆட்டமாகும். திரையில் வீரரின் முழு உருவம் தெரிவதில்லை; நீட்டிய ஆயுதக் கையின் முனையே தெரியும். ஆட்டத்தின் இடையே வீரர் தம் உடலைச் சுருக்கி ஒரு பந்தாக உருண்டோடுவதுண்டு. அப்பொழுது மட்டும் காட்சி படர்க்கைக்கு மாறி, உருளும் பந்தை நாம் பின்னிருந்து காண்கிறோம்.

கதையும் களமும்

மெட்ராய்டு என்னும் பெயரில் முதல் ஆட்டம் 1986ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியாயிற்று. அதன் தலைமைப் பாத்திரம் சாமுஸ் அரன் என்பவர். உடல் முழுவதும் கவசம் பூண்டு, தனியே கோள்தோறும் சென்று கொடிய உயிரினங்களை எதிர்ப்பவர். ஆட்டத்தை விரைவாக முடித்தோருக்கு மட்டும் இறுதியில் ஒரு வியப்புக் காத்திருந்தது. கவசம் விலகும், உள்ளே நிற்பவர் ஒரு பெண்! வீரம் ஆணுக்கே உரியதென எண்ணியிருந்தோர்க்கு அது நல்லதொரு பாடமாயிற்று.

2006ஆம் ஆண்டின் ஆட்டத்தை உருவாக்கியது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் நகரில் உள்ள நிண்டெண்டோ நிறுவனத்தின் ஒரு பிரிவு. முன்னொரு காலத்தில் வாழ்ந்து மறைந்த அலிம்பிக் என்னும் இனத்தார், மாபெரும் ஆற்றலொன்றை விட்டுச் சென்றனர் என்று செய்தி பரவுகிறது. அதனைத் தேடிச் சாமுஸ் புறப்படுகிறார். வேறு ஆறு வேட்டைக்காரர்களும் அதே பொருளை நாடி வருகின்றனர். எரிமலைக் குழம்பு பாயும் அலினோஸ், பனி உறைந்த ஆர்க்டெரா முதலிய இடங்களில் அலைந்து, ஆக்டோலித் எனப்படும் எட்டுப் பொருள்களைத் திரட்ட வேண்டும். போட்டி வேட்டைக்காரரிடம் தோற்றால், அரிதின் ஈட்டிய ஆக்டோலித்தையும் இழக்க நேரிடும். நால்வர் வரை தத்தம் பொறிகளைக் கம்பியின்றி இணைத்து ஒருவரோடொருவர் பொருதவும் இயலும். இணையத்தின் வழித் தொலைவிலிருப்போருடன் விளையாடும் வசதியும் முன்னர் இருந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சேவை நிறுத்தப்பட்டது.

படம் தோன்றும் விதம்

இவ்வாட்டம் நிண்டெண்டோ டி.எஸ். என்னும் கையடக்கப் பொறிக்காக ஆக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அப்பொறி, புத்தகம் போல் விரியக்கூடியது. மேலொன்றும் கீழொன்றுமாக இரு திரைகளைக் கொண்டது. ஒவ்வொரு திரையும் 256 நிரல்களும் 192 வரிசைகளும் கொண்ட புள்ளிக்கோலம். பெருக்கிப் பார்த்தால் 49,152 புள்ளிகள். அவை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்தடுத்து விரைந்து வரும் படங்களை நம் கண்ணும் மூளையும் இணைத்து, ஓர் அசைவாகவே உணர்கின்றன.

தட்டையான திரையில் ஆழம் எவ்வாறு தோன்றுகிறது? ரப்பர்த் தோட்டத்தில் ஒரு நிரையின் தொடக்கத்தில் நின்று நோக்குங்கள். அருகிலுள்ள மரம் உயரமாகத் தெரியும். தொலைவு செல்லச் செல்ல மரங்கள் சிறுத்து, இரு பக்க நிரைகளும் ஒரு புள்ளியில் கூடுவது போல் தோன்றும். இரு மடங்கு தொலைவில் உள்ள அதே உயர மரம் பாதி உயரமாகவே கண்ணுக்குப் படும். பொறியும் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது. சுவர், பாறை, பகைவர் ஆகிய யாவும் சிறு சிறு முக்கோணங்களால் ஆனவை. ஒவ்வொரு முக்கோணத்தின் முனையும் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கண்டு, அத்தொலைவால் வகுத்து, திரையில் அதற்குரிய இடத்தைப் பொறி குறிக்கிறது. ஒரு படத்திற்கு 2,048 முக்கோணங்கள் வரை வரைய இப்பொறியால் இயலும். பள்ளியில் நாம் பயிலும் வகுத்தல் கணக்கே அவ்விண்வெளிக்கு அடிப்படை என்பதை மாணவர் மறத்தலாகாது.

கோலும் திரையும்

மேல்திரை வீரரின் பார்வையைக் காட்டும். கீழ்த்திரை, சுற்றுப்புறத்தை அறிவிக்கும் வட்டத்தையும் ஆயுதங்களைத் தெரிவுசெய்யும் குறிகளையும் காட்டும். வலக்கையில் எழுத்தாணி போன்ற சிறு கோலைப் பிடித்துக் கீழ்த்திரையில் இழுத்தால், வீரரின் பார்வை அத்திசையில் திரும்பும். இருமுறை தட்டினால் அவர் தாவுவார். இடக்கைப் பெருவிரல் சிலுவை வடிவப் பொத்தானை அழுத்தி அவரை நடத்தும். சுட்டுவிரல் ஆயுதத்தை இயக்கும். சிலுவை வடிவப் பொத்தானை வடிவமைத்தவர் குன்பேய் யோகோய் என்னும் ஜப்பானியப் பொறியியலாளர். அது 1982ஆம் ஆண்டில் வந்த ஒரு சிறிய பொறியில் அறிமுகமாயிற்று. முதல் மெட்ராய்டு ஆட்டத்தின் தயாரிப்பாளரும் அவரே.

தொடுதிரையின் உள்ளே, மின்சாரம் பாயக்கூடிய இரு மெல்லிய படலங்கள் சிறிது இடைவெளியுடன் அமைந்துள்ளன. கோல் அழுத்தும் இடத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்று தொடும். அவ்விடத்து மின்னழுத்தத்தை அகலவாக்கிலும் நெடுக்குவாக்கிலும் அளந்து, கோல் எங்குள்ளது எனப் பொறி அறிந்துகொள்கிறது. நிலப்படத்தில் ஓர் ஊரைக் கண்டறிய இரு கோடுகள் போதுமன்றோ? அஃது போன்றதே இதுவும்.

நன்மையும் தீமையும்

இவ்வாட்டத்தால் விளையும் நன்மைகள் சிலவுள. கண்ணும் கையும் ஒத்து இயங்கப் பழகுகின்றன. எதிர்ப்படும் பொருள்களை ஆராய்ந்து குறிப்புகளைப் படிக்கும் கருவியொன்று சாமுஸிடம் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர்க்கு வாசிப்புப் பயிற்சி கிட்டும். வழியறியாத இடத்தில் மனந்தளராது தேடும் பொறுமையும் வளரும்.

தீமைகளையும் மறைத்தல் தகாது. பொறியின் எடையை இடக்கை தாங்கிக்கொண்டே பொத்தான்களையும் அழுத்த வேண்டியிருப்பதால், நெடுநேரம் ஆடுவோர்க்கு விரலும் மணிக்கட்டும் வலியெடுக்கும். சிறு திரையை இடைவிடாது நோக்குவதால் கண் களைப்படையும். இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. படர்க்கை ஆட்டத்தில் ‘அவன் சுட்டான்’ என்கிறோம். தன்மை ஆட்டத்திலோ ‘நான் சுட்டேன்’ என்கிறோம். இளம் நெஞ்சம் இவ்விரண்டையும் ஒரே தன்மையதாய் ஏற்கும் என்று எண்ணி வாளாவிருத்தல் பெற்றோர்க்கு அழகன்று.

பெற்றோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் விற்கப்பட்ட இவ்வாட்டத்தின் பெட்டியில் ‘டி’ என்னும் ஓர் ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டுள்ளது. 13 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு ஏற்றது என்பதே அதன் பொருள். தொடக்கப்பள்ளி மாணவர் எவரும் அவ்வயதை எட்டியவர் அல்லர். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இத்தகைய குறியைக் கண்டால், அதன் பொருளை ஆசிரியரிடம் கேட்டறியலாம். அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. பழைய பொறிகள் கைமாறி வருங்கால் பெட்டி உடன் வருவதில்லை. ஆதலால், பிள்ளையின் அருகமர்ந்து, “இஃது என்ன ஆட்டம்? நீ இதில் என்ன செய்கிறாய்?” என்று அன்புடன் வினவுங்கள். பொறியைப் பிடுங்கி எறிவதைக் காட்டிலும் அவ்வினா மிகுந்த பயன் தரும்.

மாணவர்களே! விளையாடும்பொழுது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து, தொலைவிலுள்ள மரத்தையோ வானையோ சிறிது நேரம் நோக்குங்கள். மாலை வெயிலில் திடலில் ஓடியாடும் நேரத்தைப் பொறிக்குப் பலிகொடாதீர்கள். வீட்டுப்பாடம் முடித்த பின்னரே பொறியைத் திறப்பது என விதி செய்துகொள்ளுங்கள். இத்தகைய ஆட்டங்களை ஆடுவதோடு நில்லாது, ஆக்கும் அறிவையும் பெற முயலுங்கள். கணிதமும் அறிவியலும் ஊன்றிக் கற்றோரே அந்த 2,048 முக்கோணங்களை ஓர் உலகமாக்கினர்.

திரைக்குள் இருக்கும் ‘நான்’ எத்தனை முறை வீழ்ந்தாலும் மீண்டும் எழுவான். இழப்பு அவனுக்கு இல்லை. திரைக்கு வெளியே இருக்கும் ‘நான்’ இழந்த பொழுதை மீளப் பெறுதல் அரிது. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஆடுவோர்க்குப் பொறி நல்ல தோழனாகும். உணராதார்க்கு அதுவே தலைவனாகிவிடும். பொறியை ஆள்வோம், பொறி நம்மை ஆள விடாதிருப்போம்.