நான்கு முறை குத்திய இரவு

பினாங்குத் தீவில், அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஓர் இரவு மட்டும் மறக்கவில்லை.

ஒன்றரை வயதுப் பிள்ளை. வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்கள் குழி விழுந்து, நாக்கு வறண்டு கிடந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் எழுத்துத் தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்தவர். நீர்ச்சத்து குறைந்ததன் அடையாளங்களை ஒன்றுவிடாமல் சொன்னார். ஆனால் சுருங்கிப்போன நரம்பில் ஊசி ஏறவில்லை. நான்கு முறை குத்தினார். "பெரிய டாக்டரைக் கூப்பிடலாமா?" என்றேன். அவருக்கு வெட்கம். கடைசியில் நானே கூப்பிட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எதைத் தனியாகச் செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும் என்று அவருக்கு யாரும் வரையறுத்துச் சொன்னதில்லை.

அதைச் சொல்வதுதான் இப்போது வந்துகொண்டிருக்கும் மதிப்பீட்டு முறை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒல்லே டென் கேட் 2005இல் முன்வைத்த யோசனை இது. பயிற்சி மருத்துவரை நம்பி ஒப்படைக்கக்கூடிய வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்ப்பார்கள். முதல் படியில் பார்க்க மட்டுமே அனுமதி. அடுத்தது, மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்வது. பிறகு, கூப்பிட்டால் வரும் தூரத்தில் அவர் இருந்தால் போதும். நான்காவதில் தனியாக, ஐந்தாவதில் பிறருக்குக் கற்றுத்தரலாம். காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பதில் நான்காம் படியில் இருப்பவர், பச்சைக் குழந்தைக்குச் சுவாசக் குழாய் பொருத்துவதில் இரண்டாம் படியில் இருக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வார்டு நிரம்பி வழியும்போது பக்கத்தில் நின்று பார்க்க மூத்தவருக்கு நேரம் ஏது? மாதக் கடைசியில் படிவங்களை மொத்தமாக நிரப்பினால் பழைய கதைதான்.

என் அக்காள் மகள் பிரிட்டனில் குழந்தை மருத்துவம் பயில்கிறாள். அங்கே தேர்வோடு முடிவதில்லை. கூட வேலை செய்யும் தாதியரின் கருத்தையும் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் எங்களை யார் கேட்டார்கள்?

போன வாரம் அழைத்தாள். "சித்தி, அறிக்கையில் யாரோ 'சீக்கிரமே உதவி கேட்டுவிடுகிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். குறை சொல்கிறார்களா?"

"இல்லை'ம்மா," என்றேன். அந்த இரவை அவளுக்குச் சொன்னேன்.